காப்பீடு இல்லாமல் இதய வால்வு அறுவை சிகிச்சை: மருத்துவமனை நிதி ஆலோசனைப் பிரிவு பற்றி ஒரு மதிப்புரை

என் கணவருக்கு இதயத்திலுள்ள மைட்ரல் வால்வை மாற்றிய மருத்துவமனையில், காப்பீடு இல்லாமல் கைப்பணம் கட்டுகிறவர்களுக்கென்று நிதி ஆலோசனைப் பிரிவு ஒன்று வைத்திருக்கிறார்கள். தரைத்தளத்தில், பில் கட்டும் வரிசைகளைத் தாண்டி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. இந்த மதிப்புரை அந்த அறையைப் பற்றியது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அவர் வீட்டில் இருக்கிறார். மருத்துவர்களின் திறமையை எடைபோட எனக்குத் தகுதி கிடையாது. பணத்தை எப்படிக் கேட்டார்கள், எப்படி வாங்கினார்கள் என்பதை எடைபோடத் தகுதி உண்டு. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு.

அட்மிஷனுக்கு முன் இந்தப் பிரிவு செய்த வேலைக்கு, ஒன்றிரண்டு சறுக்கல்களைத் தவிர, முழு மதிப்பெண் தருவேன். ஐ.சி.யூ. நாட்களில் செய்ததற்குப் பாதி. வீட்டுக்கு அனுப்பிய பிறகு எங்களை அவர்களுக்கு நினைவே இல்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாரோ ஒருவர் அடுத்த வாரமே அப்படி ஓர் அறைக்குள் போய் உட்காரப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

காப்பீடு ஏன் இல்லை என்று கேட்பார்கள். கேட்காத சொந்தக்காரர் இல்லை. என் கணவருக்குச் சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்திருக்கிறது. தொண்டைப் புண்ணாகத் தொடங்குவது. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கும். சரியாகக் குணமாகாவிட்டால் இதய வால்வுகளில் தழும்பை விட்டுவிட்டுப் போகும், பெரும்பாலும் மைட்ரல் வால்வில். அந்தத் தழும்பு இருபது, முப்பது வருடம் சத்தமே போடாது. ஒருநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். எங்களுக்கு அது ஒரு பழைய ஸ்கேன் அறிக்கையிலேயே பதிவாகியிருந்தது. அதனால் காப்பீடு கேட்டு நாங்கள் எழுதிய இடங்களில் எல்லாம், இதயத்தைத் தவிர மற்றவற்றுக்குத் தருகிறோம் என்றுதான் பதில் வந்தது. அவர் வயரிங் வேலை செய்கிறவர். சொந்தத் தொழில், முதலாளி கிடையாது, நிறுவனத்தின் குழுக் காப்பீடும் கிடையாது. ஆக, நாங்கள் அந்த மருத்துவமனையின் பாஷையில் ‘கேஷ் பேஷன்ட்’.

அறுவை சிகிச்சை நிபுணர் நாள் குறிப்பதற்கு முன்பே எங்களை அந்த அறைக்கு அனுப்பினார். நான் முதலில் பாராட்டுவது இந்த வரிசையைத்தான். வேறு இடங்களில் நோயாளியை உள்ளே படுக்க வைத்துவிட்டுத்தான் பணப் பேச்சை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கையில் ஊசி குத்திப் படுத்திருக்கிற மனிதனைக் காட்டிப் பணம் கேட்டால் யாரால் விலை பேச முடியும்? இங்கே அவர் என் பக்கத்தில் சட்டை போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம். அந்தச் சுதந்திரம் இருக்கும்போது பேசிய பேச்சுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

கவுன்சிலராக இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அறுவைக்கு மொத்தமாகக் குறித்த பேக்கேஜ் தொகையைச் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. இன்னொரு தாளை எடுத்து வைத்தார். “அம்மா, முதல்ல இதைப் படிங்க. பேக்கேஜ்ல என்ன இருக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. என்ன இல்லைங்கறதுதான் இதுல இருக்கு” என்றார். அந்தத் தாளின் தலைப்பே ‘சேராதவை’. இந்தப் பிரிவுக்கு நான் நல்ல பெயர் கொடுப்பதற்கு அந்த ஒரு தாள் போதும்.

அதில் இருந்தவற்றை நினைவிலிருந்து சொல்கிறேன். வால்வு பேக்கேஜில் கிடையாது, அது தனிக் கணக்கு. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு வால்வு அறுவைக்கு முன் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோகிராமும் பேக்கேஜில் சேராது. பல் மருத்துவரிடம் போய் வருவதும் சேராது. பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கேதான் கேட்டேன். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் பிடுங்க வேண்டிய பல்லை முன்பே பிடுங்கிவிட வேண்டும் என்றார். என் கணவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின. அந்தச் செலவு எந்த மதிப்பீட்டிலும் வராது.

குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஐ.சி.யூ.வில் இருந்தால் அந்தக் கூடுதல் நாட்கள் தனி. ரத்தமும் ரத்தத் தட்டணுக்களும் தனி. கொடுத்த ரத்தத்துக்குப் பதில் ரத்தம் தானம் செய்ய ஆள் கொண்டுவந்தால் அதில் ஒரு பகுதி குறையும். சிறுநீரகம் தடுமாறினால் டயாலிசிஸ் தனி. நிரந்தரப் பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் தனி. விலை உயர்ந்த ஆன்டிபயாடிக் மருந்துகளும் தனி. ஒவ்வொரு வரியையும் படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைந்தது என்பது உண்மை. ஆனால் இவற்றையெல்லாம் நடுராத்திரி ஐ.சி.யூ. வாசலில் முதல்முறையாகக் கேட்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு இந்தப் பிசைதல் எவ்வளவோ மேல்.

பேக்கேஜுக்குள் ஒரு பெரிய வரி இருந்தது, ‘பெர்ஃப்யூஷன் கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று. அறுவை அரங்க வாடகைக்கு அடுத்த பெரிய தொகை. என்ன இது, குறைக்க முடியாதா என்று கேட்டேன். இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு இயந்திரம் செய்கிறது. 1953-ல் ஜான் கிப்பன் என்ற அமெரிக்க மருத்துவர் அப்படிப்பட்ட இயந்திரத்தை வைத்து முதன்முதலாக ஓர் இளம்பெண்ணின் இதயத்தில் வெற்றிகரமாக அறுவை செய்தார் என்று பிறகு படித்தேன். இயந்திரம் மருத்துவமனையுடையதுதான். ஆனால் ரத்தம் ஓடுகிற குழாய்களும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் கலமும் ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது. அதனால் அந்த வரியில் பேரம் கிடையாது. எதில் பேரம் பேசலாம், எதில் பேசக் கூடாது என்று தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு தெளிவு வந்தது. அறை வகையில் பேசலாம். தனி அறையிலிருந்து பொது வார்டுக்கு மாறினால் அறை வாடகை மட்டும் குறைகிறது என்றுதான் நினைத்திருந்தேன். மருத்துவர் வந்து பார்க்கும் கட்டணமும் பரிசோதனைக் கட்டணங்களும்கூட அந்த மருத்துவமனையில் அறை வகையைப் பொறுத்தே ஏறுகின்றன, இறங்குகின்றன. இதை அந்தப் பெண் தானாகவே சொன்னார். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் மருத்துவமனைக்குத்தான் லாபம்.

நெஞ்சைத் திறக்காமல் முடியாதா என்ற கேள்வியையும் அங்கேதான் கேட்டேன். மைட்ரல் வால்வு சுருங்கிப் போனவர்களில் சிலருக்குத் தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாகப் பலூனை அனுப்பி விரித்துவிடுகிறார்கள். செலவும் மிகக் குறைவு, நாட்களும் குறைவு. கவுன்சிலர் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசாமல், அதே நாளில் இதய மருத்துவரிடம் எங்களைத் திருப்பி அனுப்பிக் கேட்க வைத்தார். நல்ல வால்வின் திறப்பு நான்கிலிருந்து ஆறு சதுர சென்டிமீட்டர் வரை இருக்குமாம். ஒன்றரைக்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். அவருக்கு அதற்கும் கீழே. சுருக்கம் மட்டும் என்றால் பலூன் போதும். அவருடைய வால்வில் சுண்ணாம்பு படிந்து, கசிவும் சேர்ந்திருந்ததால் பலூன் உதவாது என்றார் மருத்துவர். பதில் ‘இல்லை’ என்று வந்தாலும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெரிய தொகைக்கு மனம் சம்மதித்தது.

அடுத்து வால்வு. இந்தப் பிரிவு சறுக்கியது இங்கேதான். சறுக்கியதால் வரும் சுமை வருடக்கணக்கில் நீள்வது என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

செயற்கை வால்வில் இரண்டு வகை. உலோகமும் கார்பனும் கொண்டு செய்த மெக்கானிக்கல் வால்வு ஒன்று; மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்த டிஷ்யூ வால்வு இன்னொன்று. கவுன்சிலர் ஒரு தாளில் இரண்டுக்கும் விலை எழுதிக் கொடுத்தார். டிஷ்யூ விலை அதிகம், மெக்கானிக்கல் குறைவு. அவ்வளவுதான் தாளில் இருந்தது. அந்தத் தாளைப் பார்க்கிற யாருக்கும் இது ஒருமுறைச் செலவு என்றுதான் தோன்றும்.

உண்மையான கணக்கு வேறு. மெக்கானிக்கல் வால்வு பல பத்தாண்டுகள் தேயாது. ஆனால் அதன்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். அதைத் தடுக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை போட வேண்டும். மாத்திரை மலிவு. அதன் அளவைச் சரிபார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும், அதுவும் ஆயுள் முழுக்க. மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு என்றால் அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம், கூடினால் ரத்தக்கசிவு. பரிசோதனையே தேவைப்படாத புதிய ரத்த உறைதல் தடுப்பு மாத்திரைகள் வந்துவிட்டனவே என்று உறவினர் ஒருவர் சொன்னார். மருத்துவரிடம் கேட்டேன். டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையை மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்களிடம் சோதித்தபோது உறைதலும் கசிவும் வார்ஃபரினைவிடக் கூடுதலாக வந்து ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். 2013-ல் அதன் முடிவு வெளியானது. ஆகவே மெக்கானிக்கல் என்றால் வார்ஃபரின்தான், பரிசோதனைதான்.

டிஷ்யூ வால்வில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் அது பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துபோகும், இள வயதினருக்கு இன்னும் சீக்கிரம். என் கணவருக்கு வயது நாற்பத்தாறு. டிஷ்யூ வைத்தால் அறுபதைத் தொடும் முன்பே இன்னொரு அறுவை வரும். இன்னொரு பேக்கேஜ், இன்னொரு அட்வான்ஸ், அதுவும் அவர் சம்பாதிக்கும் திறன் குறையத் தொடங்கும் காலத்தில்.

இதையெல்லாம் நான் இதய மருத்துவரிடமும், வரிசையில் பழக்கமான இன்னொரு நோயாளியின் மனைவியிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, வருடா வருடம் ஆகும் பரிசோதனைச் செலவை ஒரு பக்கமும், தள்ளிப்போட்ட இரண்டாம் அறுவையை மறுபக்கமும் எழுதினேன். மெக்கானிக்கல் என்றே முடிவாயிற்று. அவருடைய வயதுக்கு மருத்துவரும் அதையே சொன்னார். மருத்துவ முடிவு மருத்துவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பணக் கணக்கைச் சொல்வதற்கென்றே ஓர் அறை வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அல்லவா முதலில் போட்டுக் காட்ட வேண்டும்? ஒரு தாள் கூடுதலாக அச்சடிக்க வேண்டிய வேலை. ‘சேராதவை’ தாளை யோசித்துத் தயாரித்தவர்களுக்கு இது தோன்றாமல் போனது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

பணம் சேர்த்த விதத்துக்கு வருகிறேன். மூன்று தவணையாக அட்வான்ஸ் கட்டச் சம்மதித்தார்கள். நாள் குறிக்கும்போது ஒன்று, அட்மிஷனில் ஒன்று, டிஸ்சார்ஜில் மீதி. மொத்தத்தையும் முன்பே கட்டினால் தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள், ஆனால் கேட்டால்தான். இது தானாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டியது. எங்களிடம் மொத்தமும் ஒரே நேரத்தில் இல்லாததால் முதல் இரண்டு தவணைகளை ஒன்றாகக் கட்டி, அதற்கு ஈடான ஒரு சிறு தள்ளுபடியை எழுத்தில் வாங்கிக்கொண்டோம். எழுத்தில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் அன்று பில்லிங் கவுண்டரில் இருந்தவருக்கு அந்தத் தள்ளுபடி பற்றி எதுவுமே தெரியவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை நீட்டிய பிறகுதான் கழித்தார்.

எங்கள் சேமிப்பு பாதித் தொகைக்குக் கிட்டே வந்தது. என் அண்ணன் வட்டியில்லாமல் ஒரு பங்கு கொடுத்தார், எப்போது முடியுமோ அப்போது கொடு என்றார். மீதிக்கு மூன்று வழிகள் இருந்தன. நிதி ஆலோசனைப் பிரிவு மூன்றையும் எடுத்துச் சொன்னது, ஆனால் ஒன்றைத் தூக்கலாகச் சொன்னது.

அவர்கள் தூக்கிப் பிடித்தது மருத்துவமனையோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிதி நிறுவனத்தின் தவணைக் கடன். ‘வட்டி இல்லை’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தை நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். சொன்ன காலத்துக்குள் கடைசிக் காசுவரை கட்டினால்தான் வட்டி இல்லை. ஒரு தவணை தவறினாலும், முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி போடுவார்கள். அறுவை முடிந்து மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத ஒரு மனிதனின் குடும்பத்திடம் இந்தத் தாளை நீட்டுகிறபோது, அந்த நிபந்தனையை வாயால் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டவில்லை. நான் கேட்ட பிறகு, “ஆமாம்மா, அப்படித்தான்” என்றார் அதே பெண். முகம் கொஞ்சம் மாறியது. மேலிடத்து உத்தரவு என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாவது வழி, இணையத்தில் நிதி திரட்டும் பக்கம். பலருக்கு அது கைகொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பி நாள் குறிக்கக் கூடாது. அமெரிக்காவில் 2016 முதல் 2020 வரை தொடங்கப்பட்ட மருத்துவ நிதிப் பக்கங்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், கேட்ட தொகையை எட்டியவை சுமார் 12 சதவீதம்தான் என்று வந்திருக்கிறது. வசதியான நண்பர்கள் உள்ளவர்களின் பக்கத்துக்கே பணம் சேரும் என்பது யோசித்தாலே புரிகிற விஷயம். வயரிங் வேலை செய்பவருக்கு யார் நண்பர்கள்? வயரிங் வேலை செய்பவர்கள்தான். அவர்கள் பணமாகத் தர முடியாததை ரத்தமாகத் தந்தார்கள். அவரோடு வேலை பார்க்கும் பையன்கள் வரிசையாக ரத்த வங்கியில் வந்து நின்றதில் பில்லில் ஒரு வரி கணிசமாகக் குறைந்தது. அவருடைய படத்தையும் நோயையும் முன்பின் தெரியாதவர்கள் பார்க்கும்படி வைக்க அவருக்கும் விருப்பமில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது வழி அதே கட்டடத்தின் வேறு மாடியில் இருந்தது: மருத்துவ சமூகப் பணியாளர். இவரைப் பற்றி நிதி ஆலோசனைப் பிரிவில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்கள், அதுவும் நாங்கள் எழுந்து கிளம்பும்போது. எங்களுக்கு மிகவும் உதவியது இதுதான். வருமான விவரம், வீட்டு வாடகை, இருக்கிற கடன், மதிப்பீட்டுத் தாள், மருத்துவரின் கடிதம் எல்லாவற்றையும் வாங்கி, இதய அறுவைகளுக்கு உதவும் அறக்கட்டளைகளுக்கு அவரே விண்ணப்பம் எழுதினார். அறக்கட்டளை பணத்தை நம் கையில் தருவதில்லை, மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்புகிறது. அதனால்தான் அறுவைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். முடிந்துபோன பில்லுக்குப் பெரும்பாலும் தருவதில்லை. எங்களுக்குக் கிடைத்தது வால்வின் விலைக்கு ஏறக்குறைய ஈடானது. அவர் கேட்ட தாள்களை நான் ஏற்கெனவே கோப்பாக வைத்திருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. இந்த மனிதரின் மேசையைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து, கடன் நிறுவனத்தின் தாளை மேல் மாடிக்கு அனுப்பினால் இந்த மருத்துவமனைக்கு நான் இன்னும் நல்ல பெயர் கொடுப்பேன்.

ஐ.சி.யூ. நாட்கள். இரண்டாம் நாள் அவருடைய இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். இதய அறுவைக்குப் பிறகு சுமார் மூன்றில் ஒருவருக்கு வருவதாம், பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடுமாம். அவருக்கும் அடங்கியது. ஆனால் பேக்கேஜில் இருந்த ஐ.சி.யூ. நாட்கள் அதற்குள் தீர்ந்துவிட்டன. அப்போது என் கையில் ‘சேராதவை’ தாள் இருந்தது. கூடுதல் நாளுக்கு எவ்வளவு என்று முன்பே தெரியும், அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கியும் வைத்திருந்தேன். அந்த இரவில் எனக்கு இருந்த பயம் அவரைப் பற்றியது மட்டும்தான். பணத்தைப் பற்றிய பயம் அதோடு சேரவில்லை. இதற்காக அந்தப் பிரிவுக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

குறை என்னவென்றால், அட்மிஷன் ஆனதும் அந்தப் பெண்ணின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. அதன்பின் நம் கணக்கு பில்லிங் பிரிவின் கையில். தினசரி பில் விவரத்தைக் கேட்டால், மொத்தத் தொகை மட்டும் உள்ள ஒற்றை வரித் தாளைக் கொடுத்தார்கள். வரிவரியாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நீளத் தாள் வந்தது. அதில் வென்டிலேட்டருக்கு மணிக்கணக்கில் தனிக் கட்டணம் போட்டிருந்தார்கள். எங்கள் மதிப்பீட்டிலோ முதல் நாள் வென்டிலேட்டர் பேக்கேஜில் சேர்ந்தது என்று தெளிவாக இருந்தது. வார்டுக்கு மாற்றிய நாளுக்கு ஐ.சி.யூ. வாடகையும் வார்டு வாடகையும் இரண்டுமே விழுந்திருந்தன. சண்டை போடவில்லை. மதிப்பீட்டுத் தாளையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு வரிகளின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். சரி செய்தார்கள். மரியாதையாகவே செய்தார்கள். ஆனால் கணக்கு எழுதிப் பழக்கமில்லாத ஒருவர் அந்த இரண்டு வரிகளை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? உள்ளே கணவரோ மனைவியோ நெஞ்சில் தையலோடு படுத்திருக்கும்போது வெளியே இருப்பவர் பில் சரிபார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அட்மிஷனுக்கு முன் பேசிய அதே கவுன்சிலர் இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தப் பில்லைப் பார்த்தால் போதும்.

டிஸ்சார்ஜ் அன்று பிரிக்காத மருந்துகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள், இதையும் கேட்க வேண்டும். வார்டு அலமாரியில் எங்கள் பெயரில் இருந்த பெட்டியை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பிரிக்காத ஊசி மருந்துகளே பாதிப் பெட்டி. எல்லாம் பில்லில் கழிந்தன. கடைசித் தொகை மதிப்பீட்டைவிடக் கூடுதலாகத்தான் வந்தது. ஆனால் கூடுதலாக வந்த ஒவ்வொரு வரியும் அந்தச் ‘சேராதவை’ தாளில் ஏற்கெனவே இருந்தது. தாளில் இல்லாத எதுவும் பில்லில் வரவில்லை. காப்பீடு இல்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய சேவை ஒரு மருத்துவமனை என்ன செய்துவிட முடியும் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசவில்லை. நெஞ்செலும்பை நடுவில் வெட்டி, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். எலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. வயரிங் வேலை என்பது கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி ஏணியில் நிற்கிற வேலை, அதற்கு இன்னும் நாளாகும். இந்த மாதங்களின் வருமான இழப்பு எங்கள் மொத்தச் செலவில் பெரிய பங்கு. மதிப்பீட்டுத் தாளின் கடைசியில் ‘இத்தனை மாதம் வருமானம் இராது’ என்று ஒரே ஒரு வரி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்கும்போதே தவணையைக் குறைத்துப் பேசும்.

ஐ.என்.ஆர். முதல் வாரங்களில் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. இதயத்துடிப்புக்குக் கொடுத்த அமியோடரோன் மாத்திரை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். அதனால் எண் ஏறியது, அளவைக் குறைத்தார்கள், மறுபடி பரிசோதனை. மருத்துவமனை லேபில் எடுத்தால் ஒரு விலை, வெளியே உள்ள லேபில் அதைவிட மிகக் குறைவு. ஆனால் மாற்றி மாற்றி எடுக்காமல் ஒரே லேபில் எடுங்கள் என்று மருத்துவர் சொன்னதால், வெளியில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து அங்கேயே நின்றுவிட்டோம். வலிக்கு நாமாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பல வலி மாத்திரைகள் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவை வரவழைக்கும்.

யாருக்கு இந்தப் பிரிவைப் பரிந்துரைப்பேன்? நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு, முன்கூட்டிப் போய் உட்காரக் கொஞ்சம் அவகாசம் உள்ளவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். அவசரமாக ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு இந்த அறை உதவாது. அது மாலையில் பூட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை. போகும்போது கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. பேக்கேஜில் சேராதவற்றை எழுத்தில் கேளுங்கள். அறை வகை மாறினால் எந்தெந்தக் கட்டணம் மாறும் என்று கேளுங்கள். முன்பணத் தள்ளுபடியைக் கேளுங்கள். கடன் தாளின் பின்பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கும் முன்னால், மேல் மாடிக்குப் போய் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். வால்வுக் கணக்குத் தாள் ஒன்றும், டிஸ்சார்ஜ்வரை கூடவே வரும் கவுன்சிலர் ஒருவரும் இருந்தால் ஐந்தும் தருவேன். இந்த இரண்டையும் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அண்ணனுக்குத் திருப்பித் தருவது இந்த மாதம் தொடங்கியிருக்கிறது.